திரை இல்லாத கணினி

செப்டம்பர் 16, திங்கள்

மேடம், முதலில் மன்னிக்க வேண்டும். "தெனமும் என்ன செஞ்சேன்னு நாலு வரி எழுதி வை. கடைசியில மொத்தமாப் பாத்து கையெழுத்துப் போடுதேன்" என்று சொன்னீர்கள். நாலு வரியில் நிறுத்த எனக்குத் தெரியவில்லை. பேச வராத ஆட்களுக்கு எழுத்து கொஞ்சம் நீண்டுவிடுகிறது. கணினி தானாக ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் சும்மா உட்கார்ந்திருந்ததாகத் தோன்றக் கூடாது என்பதும் ஒரு காரணம். தேவையில்லாததைத் தாண்டிப் போய்விடவும்.

நீங்கள் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதம் இது. நூலகத்தின் பார்வைத்திறன் குறைந்தோர் பிரிவில் வருகிறவர்களுக்குப் படித்துக் காட்டுவது இதுவரை என் வேலை. இனி அறையில் இருக்கும் பழைய கணினி தமிழைத் தானே படிக்கும்படி செய்ய வேண்டும். தீபாவளிக்குள் அது படித்தால் பிரிவு தொடரும், என் தற்காலிக நியமனம் அத்தோடு முடியும். படிக்காவிட்டால் அறை பழைய இதழ்கள் அடுக்கப் போய்விடும், பிரிவும் இருக்காது. இரண்டும் தெளிவாகத் தெரியும்.

இன்று கணினியைத் துணியால் துடைத்தேன். திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு நிற்கிறது. மற்றபடி எழுகிறது.

செப்டம்பர் 17, செவ்வாய்

சிடி தட்டு திறக்கவில்லை. ஊக்கை நிமிர்த்தி உள்ளே குத்தித் திறந்தேன். உள்ளே ஒரு கோலப் புத்தக சிடி இருந்தது. அலமாரியில் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 19, வியாழன்

இதில் இருக்கும் பழைய இயங்குதளத்துக்கு இன்றைய தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. தமிழ் படிக்கும் நிரல் அதில் ஏறாது. செய்தித்தாள்களின் இணையப் பக்கங்களும் அதில் திறக்காது. எனவே இன்றைய இயங்குதளம் ஒன்று வேண்டும். ஆனால் இன்றையவற்றில் பெரும்பாலானவை இவ்வளவு பழைய பிராசசரைச் சேர்த்துக்கொள்வதில்லை. சேர்த்துக்கொள்ளும் ஒரு லினக்ஸ் வகையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். இலவசம்தான்.

அது சிடியில் அடங்காது. பென் டிரைவிலிருந்து எழ இந்தக் கணினிக்குத் தெரியாது. சிடியிலிருந்து எழுந்து "அங்கே போ" என்று பென் டிரைவைக் கைகாட்டும் ஒரு சின்ன நிரல் இருக்கிறது. கல்லூரியில் இதெல்லாம் சொல்லித் தரவில்லை. கல்லூரியில் கணினிகள் புதியவை.

செப்டம்பர் 21, சனி

தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும். அம்மா உப்பளத்துக்குப் போகும் வேனை விட்டுவிட்டார். வேனின் நிறத்தை மாற்றிவிட்டார்கள், அதனால் தெரியவில்லை என்றார். அவரை இரண்டு பஸ் மாற்றி அளத்தில் விட்டுவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் அந்த வேனைப் பார்த்தேன். பழைய நீலம்தான்.

சனிக்கிழமை என்பதால் இருவரும் வந்திருந்தார்கள். ஜெபக்கனி அக்கா வங்கித் தேர்வுக்குப் படிக்கிறார், டிசம்பரில் பரீட்சை. பிறவியிலேயே பார்வை இல்லை. காசிம் பாய் பஸ் ஸ்டாண்டில் ஊதுபத்தி விற்கிறார், பேப்பர் கேட்க வருவார். நான் தலையங்கம் படித்தேன்.

"சத்தமா வாசிம்மா. எறும்புக்குச் சொல்லுத மாதிரி இருக்கு" என்றார் பாய்.

"அவ பேரு பேச்சியம்மா, பாய். பேருல உள்ளதை எல்லாம் பேருக்கே குடுத்துட்டா" என்றார் ஜெபக்கனி அக்கா.

கொஞ்சம் சத்தமாகப் படித்தேன். வெளியே தினசரி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததும் மறுபடி குறைந்துவிட்டது.

செப்டம்பர் 25, புதன்

நிறுவல் தொடங்கியது. பாதி நகலெடுத்ததும் கணினி தானாக அணைந்தது. மறுபடி தொடங்கினேன். மறுபடி அணைந்தது.

செப்டம்பர் 26, வியாழன்

அதே.

செப்டம்பர் 28, சனி

நினைவகம் போதவில்லையோ என்று மூலையில் கிடந்த செத்த கணினியைத் திறந்து அதன் நினைவகத் துண்டை எடுத்து இதில் பொருத்தினேன். ஏற்றுக்கொண்டது. நிறுவல் மட்டும் பாதியில் நிற்கிறது.

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. நூலக உதவியாளர் சங்கிலி அண்ணன் தேநீர் கொண்டு வந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "பையப் பாரும்மா. இது ஓடிட்டுன்னா ஒன்னை அனுப்பிருவாவ. எனக்கு இந்த ஆபீஸ் நடப்பு தெரியும்லா. ஓடல ஓடலன்னு எழுதிக் குடுத்தா இன்னும் ரெண்டு மாசம் நீட்டிப்பாவ."

"ஓடலன்னா அறையைப் பூட்டிருவாங்களே அண்ணே."

"அது அப்பப் பாத்துக்கிடலாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, மேடம். அவர் மகளுக்கும் என் வயதுதான். ஜெபக்கனி அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது. அவர் போனதும் அக்கா, "நீ என்னட்டி செய்யப் போற?" என்று கேட்டார். நினைவகத் துண்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 30, திங்கள்

அணைகிறது. நிறுவல் சிடியைத் திரும்ப எழுதினேன். அணைகிறது.

காலையில் கஞ்சி ஊற்றும்போது டம்ளர் நிறைந்த பிறகும் அம்மா ஊற்றிக்கொண்டே இருந்தார். தூக்கக் கலக்கம். அளத்துக்கு விடியுமுன் கிளம்ப வேண்டும். வெள்ளை உப்பில் வெயில் ஏறிவிட்டால் கண்ணைத் திறக்க முடியாது என்பதால் எல்லோரும் இருட்டிலேயே போய்விடுவார்கள்.

அக்டோபர் 3, வியாழன்

கணினி இவ்வளவு பழையது, புதியது இதற்குப் பாரம், அதனால் அணைகிறது என்று ஒரு பத்தி எழுதிப் பிறகு அடித்துவிட்டேன். எனக்கு அப்படி உறுதியாகத் தெரியாது.

அக்டோபர் 10, வியாழன்

நாளை வெள்ளி விடுமுறை என்பதால் ஆயுத பூசையை இன்றே போட்டோம். சங்கிலி அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு அறைக்கு வந்தார். ஸ்டேப்ளருக்கு, பஞ்சிங் மெஷினுக்கு, கதவுக்கு எல்லாம் பொட்டு வைத்தார். கணினியிடம் வந்ததும் அதை அப்படியே சுவரிலிருந்து திருப்பி, பின்பக்கம் வட்டமாகக் கம்பி போட்ட இடத்தில் மூன்று விரலால் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார்.

"ஏன் அண்ணே அங்கன?"

"முன்னால வச்சா பட்டன்ல ஒட்டுதுன்னு முந்தி இருந்த சார் சத்தம் போட்டாரு. பொறவு பாத்தேன், இதுதான் வட்டமா நெத்தி கணக்கா இருக்கு. வருசா வருசம் இங்கதான்."

அந்த வட்டம் காற்றாடி சூட்டை வெளியே தள்ளும் துளை. ஒரு வருடச் சந்தனத்தின் மேல் மறு வருடச் சந்தனம். மஞ்சளாக, காய்ந்த மண் போல, கிட்டத்தட்ட எல்லாத் துளையையும் மூடியிருந்தது. காற்றாடி உள்ளேயே சுற்றிச் சூட்டை உள்ளேயே வைத்திருந்தது.

இந்தக் கணினியின் பின்பக்கத்தில் நான் எத்தனை முறை கேபிள் சொருகியிருக்கிறேன். அந்த மஞ்சள் என் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது. எங்கள் வீட்டில் அரிவாள்மனையிலிருந்து அண்டா வரை சந்தனம் இருக்கும். இருக்க வேண்டியது இருக்கிறது என்று கண் தாண்டிப் போயிருக்கிறது.

பூசை முடியக் காத்திருந்தேன். பொரி சாப்பிட்டுவிட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டினேன். சங்கிலி அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்தார். "அப்போ நாந்தான் இது மூச்சைப் பிடிச்சிட்டு இருந்திருக்கேன்" என்றார். பிறகு கொஞ்சம் சந்தனம் எடுத்து மேசைக் காலில் வைத்தார்.

அக்டோபர் 14, திங்கள்

நிறுவல் முழுதாக முடிந்தது. அணையவில்லை.

முதல் மழை. அளத்தில் பாத்திகள் கரைந்துவிட்டன, இனி தை வரை பெரிதாக வேலை இருக்காது. அம்மா வீட்டில் இருக்கிறார். இரவுச் சோற்றில் கல் இருந்தது. அரிசியை அம்மாதான் முறத்தில் புடைத்து விரலால் துழாவிக்கொண்டிருந்தார். நான் துப்பிய சத்தம் கேட்டதும், "மழை ஈரம்ட்டி, கல்லு அரிசியோட ஒட்டிக்கிட்டு" என்றார். இனி அரிசி நான் பார்க்கிறேன் என்றேன். "ஒனக்கு வேலை இருக்குல்லா" என்றார்.

இது வேலைக் குறிப்பு அல்ல. மன்னிக்கவும்.

அக்டோபர் 17, வியாழன்

இயங்குதளம் ஏறிவிட்டது, ஆனால் நகரவில்லை. எழுந்ததும் வால்பேப்பர் மேலிருந்து கீழாக மெல்ல இறங்குகிறது. சுட்டியை நகர்த்தினால் அம்பு சற்று யோசித்துவிட்டுப் புறப்படுகிறது. படிக்கும் நிரலைத் திறந்தால் ஒரு சொல்லைச் சொல்லி நின்று, மறுசொல்லைத் தேடுகிறது. ஒவ்வொரு அலங்காரமாக நீக்கினேன். நிழல், அசைவு, ஓரங்களின் வளைவு. போதவில்லை.

அக்டோபர் 19, சனி

ஜெபக்கனி அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே தட்டு சுற்றும் சத்தம் நிற்கவே இல்லை.

"என்னட்டி இவ்வளவு நேரமா அரைக்கி?"

"படம் வரையுதுக்கா. ஜன்னல், பட்டன், பின்னால ஒரு மலை. எல்லாம் வரைஞ்சாத்தான் மத்தது."

"யாருக்கு?"

நான் கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை. திரையில் வர வேண்டும் அல்லவா என்றேன்.

"அதாம்ட்டி கேக்கேன். இந்த ரூமுக்கு நானும் பாயும் வாரோம். எங்க ரெண்டு பேருல மலையை யாருக்கு வரைஞ்சு காட்டுது?"

காசிம் பாய் சிரித்துவிட்டார். "எனக்கு வேண்டாம்மா. நான் சின்ன வயசுல குத்தாலத்துல பாத்துட்டேன்."

பார்வையில்லாதவர்களுக்குக் கணினி தயார் செய்கிறேன் என்று இவ்வளவு நாள் பச்சைக் கோடு விழுந்த திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 21, திங்கள்

வரைகலை முழுவதையும் நீக்கினேன். இனி வால்பேப்பர், ஜன்னல், அம்பு எதுவும் கிடையாது. எழுத்தும் ஒலியும் மட்டும். சுவிட்சைப் போட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் எழுந்து நிற்கிறது. இதே கணினிதான்.

திரையின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டேன். திரையை வேறு பிரிவுக்கு எடுத்துக்கொள்ளலாம். பச்சைக் கோடு இருக்கும்.

அக்டோபர் 23, புதன்

இணையக் கேபிளை சங்கிலி அண்ணன் ஜன்னல் வழியாக இழுத்துக் கொடுத்தார். செய்தித்தாளின் பக்கம் திறக்க மறுத்தது. அந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்று இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று காரணம் சொன்னது. பார்த்தால் கணினியின் நாள் 2004 ஜனவரி ஒன்று. உள்ளே இருக்கும் பொத்தான் பாட்டரி செத்துப்போய், ஒவ்வொரு காலையும் அது அதே நாளில் எழுந்துகொண்டிருக்கிறது. வாட்ச் கடையில் பாட்டரி வாங்கிப் போட்டேன். நாளைச் சரிசெய்ததும் சான்று செல்லுபடியாகிவிட்டது.

விசைப்பலகையில் ஒன்றை அழுத்தினால் அன்றைய செய்தி. இரண்டு, பரீட்சைப் பாடம். மூன்று, கதை. முட்டையிடும் கோழி மாதிரி நடுவில் வெறுமனே சத்தம் போடுவதை நிறுத்த ஒரு விசை வேண்டும் என்று பாய் கேட்டிருந்தார். அதற்குப் பூச்சியம்.

அக்டோபர் 24, வியாழன்

படிக்கிறது. ஆனால் தமிழில் ஒரே 'ப'தான் இருக்கிறது. 'பல்' என்பதிலும் அதுதான், 'பயம்' என்பதிலும் அதுதான். வாய்க்குள் நாம் மாற்றிக்கொள்கிறோம். கணினிக்கு அந்த வாய் இல்லை. பல்லுக்குப் போடுகிற ப-வைப் பயத்துக்கும் போடுகிறது. இதை எழுதிக் காட்ட வழியில்லை. நீங்கள் சொல்லிப் பார்த்தால் தெரியும்.

இப்படிப்பட்ட சொற்களை ஒரு கோப்பில் போட்டு, இதை இப்படிச் சொல் என்று பழக்கலாம். பாதி நாள் அதில் போனது. பயம், பலம், பாரம், பஜார், பாக்கி. கூடவே ஒன்றிரண்டு. யாராவது பக்கத்தில் இருந்தால் இந்த வேலையைச் செய்ய எனக்குக் கூச்சம். ஒவ்வொரு சொல்லையும் கணினி சொன்ன பிறகு நானும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது. வேறு யாரும் இல்லாததால் நன்றாகவே சொன்னேன்.

அக்டோபர் 26, சனி

நல்ல மழை. இருந்தும் இருவரும் வந்தார்கள். ஜெபக்கனி அக்காவே சுவிட்சைப் போட்டார். நான் எழுதி வைத்திருந்தபடி அது "வணக்கம்" என்றது.

"வணக்கமா? மீட்டிங்கா நடக்கு? 'வாங்க'ன்னு சொல்லச் சொல்லுட்டி."

மாற்றினேன். அணைத்துப் போட்டதும் "வாங்க" என்றது. பாய், "வந்துட்டோம்" என்று பதில் சொன்னார்.

பிறகு பாடத்தைக் கேட்டார்கள். பயம் சரியாக வந்தது. "பழக்காம விட்டிருந்தா பயத்தையும் பயறு கணக்கா சொல்லியிருக்கும். இன்னைக்கு நல்லாப் பயப்படுது" என்றார் அக்கா. பிறகு பழக்கிய சொற்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார். கணினி சொன்னது: பஜார். பாக்கி. பாக்கியம்.

"பாக்கி சரி. பேங்க் பரீட்சையில வரும். பாக்கியம் எங்கட்டி வருது?"

எங்காவது வரும் என்றேன்.

"இதைத்தான் மத்ததை விட சுத்தமாச் சொல்லுது" என்றார்.

அந்த நேரத்தில் அம்மா குடை கொண்டுவந்தார். நான் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். சுவரைத் தொட்டபடி வந்து, வாசல் நிலையில் கொஞ்சம் நின்று, நேராக ஜெபக்கனி அக்காவிடம் போய்க் குடையை நீட்டி, "மறந்துட்டியேட்டி. நனைஞ்சுட்டு வந்தா காய்ச்சல் வராதா?" என்றார். அக்காவும் நானும் கிட்டத்தட்ட ஒரே உயரம். அறையில் வெளிச்சமும் குறைவு.

அக்கா குடையை வாங்கிக்கொண்டார். "இனி மறக்க மாட்டேம்மா" என்றார்.

அம்மாவுக்குக் குரல் தெரிந்துவிட்டது. கை அப்படியே நின்றது. நான் "இங்க இருக்கேம்மா" என்றேன். அது மட்டும் அறை முழுக்கக் கேட்கும்படி வந்தது.

சங்கிலி அண்ணன் அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டார். அம்மா போன பிறகு அக்கா கேட்டார்: "ஒங்கம்மா காலைத் தரையில இருந்து எடுக்காம நடக்காங்களே, எப்பவுமேவா?"

அளத்து வரப்பில் வழுக்கும், அந்தப் பழக்கம் என்றேன்.

"புது எடத்துல நானும் அப்படித்தான் நடப்பேன்" என்றார். பிறகு, "அவங்க பேரு என்ன?" என்றார். நான் கணினியை முறையாக அணைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 28, திங்கள்

ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன். சூடேறவில்லை. நாளும் மணியும் சரி. இன்று இதைத் தவிர வேலை இல்லை. கதை ஒன்றை ஓடவிட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன்.

அக்டோபர் 30, புதன்

வேலை முடிந்தது. நாளை தீபாவளி.

காலையில் நீங்கள் வந்து கேட்டீர்கள். அது "வாங்க" என்று சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தீர்கள். அதை நான் கவனித்தேன். "நீ பையச் செஞ்சிருக்கலாம்லா?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். செய்திருக்கலாம். ஆனால் அந்த அறை பூட்டப்படக் கூடாது என்பதில் எனக்கும் ஒரு காரியம் இருந்தது.

ஒப்படைப்பு: கணினியின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்ட வேண்டாம். பின் வட்டத்தில் எதுவும் வைக்க வேண்டாம். சங்கிலி அண்ணன் இனி மேசைக் காலிலேயே பொட்டு வைத்துக்கொள்வார். ஏதாவது சொல்லைத் தவறாகப் படித்தால் ஜெபக்கனி அக்கா திருத்துவார். கோப்பைத் திறந்து சேர்க்க அவருக்குத் தெரியும், என்னைவிட வேகமாகத் தட்டுகிறார்.

மேடம், ஒரு விண்ணப்பம். செப்டம்பரில் இருந்தே எழுத நினைத்து ஒவ்வொரு நாளும் விட்டுவிட்டேன். வேலையை நீட்டிக்கக் கேட்கவில்லை.

இந்தப் பிரிவில் உறுப்பினராகச் சேர மருத்துவச் சான்று கேட்பீர்கள். இப்போதைக்கு அது இல்லாமல் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சான்று வாங்கப் போனால் அளத்தில் தெரிந்துவிடும், தையில் வேனில் ஏற்ற மாட்டார்கள் என்று அவர் பயப்படுகிறார். தீபாவளி கழித்து நான் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை, ஆனால் கூட்டிப் போகிறேன். அதுவரைக்கும் சனிக்கிழமைகளில் அந்த அறையில் ஒரு நாற்காலி போதும். அவருக்குப் படிக்கத் தெரியாது. கண் நன்றாக இருந்தபோதும் தெரியாது. மூன்றாம் விசை எது என்று மட்டும் விரலுக்குப் பழக்கிவிட்டால், தானே கதை கேட்டுக்கொள்வார். கூட்டி வந்து விடுவதும் திரும்ப அழைத்துப் போவதும் என் பொறுப்பு.

பதிவேட்டில் எழுதுவதாக இருந்தால், என் அம்மாவின் பெயர் பாக்கியம். கணினி அதைச் சரியாகச் சொல்லும்.